விமானம் ஏறி வந்த தையல்கள்

வேறு யாரோ போட்ட தையலைப் பிரிப்பதுதான் என் தொழில்.

புனேயில், பாணேர் பக்கம் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனின் கிளினிக்கில் டிரெஸ்ஸிங் அறை சிஸ்டர் நான். வீடு போபோடியில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே நர்ஸிங் படித்து, ஹிந்தியில் திட்டு வாங்கி, மராத்தியில் சமாதானம் சொல்லி, வீட்டுக்கு வந்து தமிழில் புலம்புகிறவள். எங்கள் டாக்டரம்மாவை எல்லோரும் மேடம் என்போம். மேடம் செய்த ஆபரேஷனுக்குக் கட்டுப் பிரிப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. என் பொழுதைத் தின்பவர்கள், வெளிநாட்டுக்குப் போய் மூக்கையோ வயிற்றையோ முடியையோ சரி செய்துகொண்டு, அது சரியாகாமல் திரும்பி வந்தவர்கள்தான். எந்த நாடு என்று எழுத மாட்டேன். எல்லா நாட்டிலும் கைராசிக்காரர்களும் இருக்கிறார்கள், கடை விரித்தவர்களும் இருக்கிறார்கள். நம் ஊரும் விலக்கில்லை.

வேறொரு மெக்கானிக் கைவைத்த வண்டியைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டவர்களே, யாரோ வெட்டிக் கெடுத்த ஜாக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு விழித்த தையல்காரர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கை கொடுத்தவர்

அவன் பெயர் ரோஹித் என்று வைத்துக்கொள்வோம். ஐ.டி. கம்பெனிப் பையன். கல்யாணம் நிச்சயமான கையோடு, நெற்றி ஏறிக்கொண்டே போகிறதே என்று வெளிநாடு போய் முடி நட்டுக்கொண்டு வந்திருந்தான். தொப்பியைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றான். கூட வந்திருந்த அம்மா கழற்றினார். நெற்றிக்கு மேலே, நட்ட நடுவில், உள்ளங்கையில் பாதி அளவுக்குத் தோல் அடுப்புக்கரி மாதிரி கருகிக் கிடந்தது. ஓரமெல்லாம் சீழ். நெருக்கமாகக் குத்திக் குத்தி நட்டதில் அந்த இடத்துக்கு ரத்தமே போகாமல் தோல் செத்துவிட்டது என்று மேடம் சொன்னார்.

"செய்தது யார்?" என்று மேடம் கேட்டார். "காலையில் டாக்டர் வந்தார், கை கொடுத்தார், நெற்றியில் பேனாவால் கோடு போட்டார்" என்றான். அப்புறம்? "அப்புறம் ரெண்டு பேர் வந்து வேலையை ஆரம்பிச்சாங்க. பேர் தெரியாது. பாட்டு வச்சுக்கிட்டு, பேசிச் சிரிச்சுக்கிட்டே செஞ்சாங்க." டாக்டர் திரும்ப வரவே இல்லையா? "வந்தார். என்னோட ஃபோட்டோ எடுத்துக்க வந்தார்."

செத்த தோலை மேடம் வெட்டி எடுத்தார். அந்த இடத்தில் இனி நட்ட முடியும் வராது, நடாத முடியும் வராது என்று சொன்னபோது பையன் குனிந்து அழுதான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அழவில்லை. கைப்பையை மூடிக்கொண்டு எழுந்து, மராத்தியில் என்னிடம் சொன்னார்: "பரவாயில்லை சிஸ்டர், எங்க கல்யாணத்துல மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுவோம். வீடியோக்காரன் கிளம்புற வரைக்கும் அதை அவிழ்க்க விட மாட்டேன்."

முடியாது என்று சொல்லாத ஊர்

சிஞ்ச்வட்டில் கணவரோடு சேர்ந்து வண்டி உதிரிபாகப் பட்டறை நடத்தும் ஓர் அம்மாள் வந்தார். மூன்று பிரசவத்தில் தொங்கிப்போன வயிறு. அதை வெட்டித் தைத்து இறுக்க வேண்டும். மேடம் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "முதலில் சர்க்கரை இறங்கட்டும், அப்புறம் வாருங்கள். இப்போது கத்தி வைத்தால் புண் ஆறாது" என்றார். அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. பட்டறையில் நாற்பது ஆண்களை அதட்டுகிறவர், தன்னிடம் ஒருத்தி முடியாது என்கிறாளே என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வெளிநாட்டில் செய்துகொண்டு திரும்பி வந்தபோது கணவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கட்டைப் பிரித்ததும், இந்த வாடை எனக்குப் பழகியதுதான் என்றாலும் ஜன்னலைத் திறந்தேன். தையல் நடுவில் விட்டு, என் விரல் முழுக்க உள்ளே போகும் அளவுக்குப் பிளந்திருந்தது. "அங்கே சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்களா?" என்றேன். கேட்டார்களாம். மாத்திரை சாப்பிடுகிறேன் என்றாராம். வெரி குட் என்றார்களாம். அந்தப் புண் மூடுவதற்குள் மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது. தினமும் நான் பஞ்சு திணிப்பேன், அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். ஒரு நாள், முடியாது என்று இங்கே சொன்னதை ஏன் கேட்கவில்லை என்று பொறுக்காமல் கேட்டேவிட்டேன். மெத்தையில் படுத்தபடியே சொன்னார்: "அங்க ஒருத்தர்கூட முடியாதுன்னு சொல்லலையே, சிஸ்டர்."

பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்

வித்யா ஒரு பெரிய வங்கியில் மேனேஜர். என்னிடம் ஹிந்தியில்தான் பேசினார். மூக்கைச் சுற்றிப் போட்டிருந்த பட்டையை நான் எடுத்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் போன் வந்தது. திருச்சியிலிருந்து அம்மா. "ஒண்ணுமில்லம்மா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன், மூக்குல லேசா அடி" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பழக்க தோஷத்தில், "தலையை ஆட்டாதீங்க" என்று தமிழில் சொல்லித் தொலைத்தேன். போனை வைத்துவிட்டு என்னை அவர் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. "நீங்க தமிழா? தமிழ்ச் சங்கத்துக்கெல்லாம் போவீங்களா?" என்றார். எனக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது என்றேன். அதற்குப் பிறகுதான் மூச்சே விட்டார்.

மூக்கு நுனியில் உள்ளே வைத்திருந்த சிலிக்கோன் துண்டு, தோலை அரித்துக்கொண்டு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. விமானத்திலேயே சிவக்க ஆரம்பித்துவிட்டதாம். அங்கிருந்த கோ-ஆர்டினேட்டர் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார். "நார்மல்" என்று பதில், கூடவே ஒரு ரோஜாப்பூ. வீக்கம் கண்ணுக்கு ஏறியபோது மறுபடி படம். மறுபடி "நார்மல்", இந்த முறை இரண்டு ரோஜாப்பூ. சீழ் வந்த பிறகு பதிலே இல்லை. நான் மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போதே போன் சிணுங்கியது. ஆவலாக எடுத்துப் பார்த்தார். உங்கள் தோழி ஒருவரை எங்களிடம் அனுப்பினால் உங்களுக்கு அடுத்த சிகிச்சையில் சலுகை என்று எழுதியிருந்தது.

மேடம் அந்தத் துண்டை எடுத்துவிட்டார். மூக்கு ஒரு பக்கம் ஒடுங்கிவிட்டது. ஒரு வருஷமாவது போனால்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும் என்றார். கடைசி முறை கட்டு மாற்ற வந்தபோது, அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்களேன், மனசு லேசாகும் என்றேன். வித்யா சிரித்தார். சின்ன வயதிலிருந்து வீட்டில் அவர் பெயரே குடமிளகாய்தானாம். அந்தப் பெயரை வைத்ததே அம்மாதானாம். "சொன்னா அழுவாங்க சிஸ்டர். அழுது முடிச்சுட்டு, பழைய மூக்கே லட்சணமாத்தானேடி இருந்துதும்பாங்க. அதை மட்டும் என்னால கேட்டுக்கிட்டிருக்க முடியாது."

படகில் எடுத்த படம்

ஷீத்தல் என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர். தோழிகளோடு சுற்றுலா என்று வீட்டில் சொல்லிவிட்டு, வயிறு, தொடை, கை எல்லா இடத்திலும் ஒரே மேஜையில் ஒரே தடவையாகக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஆபரேஷன் ஆன சூட்டோடு, உடம்பை இறுக்கும் கச்சையை மாட்டிவிட்டு, ஊர் சுற்றிக் காட்டுகிறோம் என்று படகில் வேறு ஏற்றியிருக்கிறார்கள். எல்லாம் பேக்கேஜில் அடக்கமாம். அதற்கு அடுத்து நேரே விமானம்.

என்னிடம் தையல் பிரிக்கத்தான் வந்தார். ஆனால் அவருடைய இடது கெண்டைக்கால் என் கண்ணை உறுத்தியது. வலது காலைவிடப் பருத்து, பளபளவென்று, தொட்டால் சூடாக இருந்தது. "ஃபிளைட்ல கால் நீட்ட இடமே இல்ல சிஸ்டர், அதான்" என்றார். மூச்சு வாங்குகிறதா என்றேன். "மாடி ஏறினா கொஞ்சம்" என்றார். எங்கள் கிளினிக் முதல் மாடியில்தான் இருக்கிறது. நான் மேடத்தைக் கூப்பிடப் போனேன். மேடம் ஓடி வருவதற்குள் ஷீத்தல் நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். காலில் உறைந்த ரத்தம் கட்டியாக நுரையீரலுக்குப் போய்விட்டது. ஆபரேஷன் ஆன உடம்போடு அசையாமல் விமானத்தில் உட்கார்ந்து வந்தால் இது நடக்கும் என்று நர்ஸிங் முதல் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பேக்கேஜ்காரர்களுக்கும் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

ஆம்புலன்ஸில் நானும் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை. பிழைத்துவிட்டார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அவர் கணவர் அலுவலகத்திலிருந்து அப்படியே ஓடி வந்தார், கழுத்தில் அடையாள அட்டையோடு. ஆபரேஷனா, என்ன ஆபரேஷன், யாருக்கு என்று கேட்டார். டாக்டர் சொல்லச் சொல்ல அவர் தன் போனை எடுத்து, படகில் மனைவி நிற்கும் படத்தைப் பெரிதாக்கி, அதில் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். பிறகு அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கா, சிஸ்டர்?"

நன்றாக வந்தவர்

எல்லாமே இப்படியா என்று கேட்பீர்கள். இல்லை. வெளிநாட்டில் வயிற்றைச் சரி செய்துகொண்டு ஒரு பெண் வந்தார். கத்தி வைக்கப் போவது யார் என்று முன்கூட்டியே அந்த டாக்டரிடமே வீடியோவில் பேசி, அவருடைய படிப்பை விசாரித்து, எங்கள் மேடத்தையும் அவரையும் பேச வைத்துவிட்டுப் போனவர். ஒரு தடவைக்கு ஒரு ஆபரேஷன்தான். விமானம் ஏறலாம் என்று அந்த டாக்டர் சொல்லும் வரை அங்கேயே அறை எடுத்துத் தங்கினார், கூட அக்காவும் இருந்தார். எனக்கு அவரிடம் வேலையே இல்லை. தழும்பு கோடு மாதிரி ஆறியிருந்தது. போகப் போகிற மற்றவர்களுக்கு நீங்கள் இதையெல்லாம் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றேன். ஐயோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அது எப்படிச் சொல்றது? ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் யோகான்னுல்ல சொல்லி வச்சிருக்கேன்!"

நாமும் ஒரு வெளிநாடு

ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி எங்களிடமே வந்தார். அவருக்கு நாம்தான் வெளிநாடு, பாணேர்தான் தூர தேசம். மார்பின் பாரத்தால் முதுகு கூனிப்போனவர். பாரத்தைக் குறைக்கும் ஆபரேஷனை மேடம் நன்றாகத்தான் செய்தார். ஆனால் இன்னும் சில வாரம் இங்கேயே இருக்க வேண்டும், நடுவில் ஒரு தையல் ஈரமாக இருக்கிறது, இப்போது பறக்கக் கூடாது என்று சொன்னால் கேட்டால்தானே? வேலைக்குத் திரும்ப வேண்டுமாம், பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறாராம். மேடம் கெஞ்சினார், கோபித்தார், பிறகு மாத்திரையும் காலை இறுக்கும் உறையும் கொடுத்து, விமானத்தில் எழுந்து எழுந்து நடக்கச் சொல்லி அனுப்பினார்.

நான் அவருக்குக் கட்டுத் துணியும் மருந்தும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். கொடுக்கும்போதே எனக்குத் தெரிந்தது, எங்கோ ஓர் ஊரில் என்னை மாதிரி ஒருத்தி இந்தக் கட்டைப் பிரித்துவிட்டு, "எவ போட்டா இதை?" என்று என்னைத் திட்டப் போகிறாள். அவளுக்குப் பயந்தே கூடுதலாக ஒரு தடவை எல்லா எச்சரிக்கையையும் சொன்னேன். பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போன அந்தப் பெண்மணி, ஆங்கிலத்தில் செல்லமாகக் கடிந்துகொண்டார்: "கிளம்பும்போது எங்க ஊர் நர்ஸும் இதையேதான் சொன்னா. உங்களுக்கெல்லாம் எங்களைப் பார்த்தாப் பொறாமை!"

வாசலில் உட்கார்ந்திருந்தவள்

சுவாதி எங்கள் ரிசப்ஷன் பெண். கட்கியில் வீடு. என்னைத் தாயி என்பாள், மராத்தியில் அக்கா என்று அர்த்தம். மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாகத்தான். நான் கொண்டுபோகும் புளிச்சாதத்தை அவளும், அவள் கொண்டுவரும் பாக்கரி ரொட்டியை நானும் மாற்றி மாற்றிச் சாப்பிடுவோம். ரோஹித்தின் தொப்பியை, வித்யாவின் மூக்கை, ஷீத்தலைத் தூக்கிக்கொண்டு போன ஸ்ட்ரெச்சரை எல்லாம் என்னோடு சேர்ந்து பார்த்தவள். அவளுக்குக் கொஞ்சம் சதுரமான தாடை. அண்ணன்மார் பயில்வான் என்பார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், முகத்தில் ஆண் சாயல் இருக்கிறது என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போனது. அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

கோவா போகிறேன் என்று லீவு போட்டாள். திரும்பி வந்தபோது முகம் வெற்றிலை மாதிரி கீழே குவிந்திருந்தது. பொய் சொல்வானேன், அழகாகத்தான் இருந்தாள். வெளிநாட்டில் தாடை எலும்பைச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவளோடு பேசவே இல்லை. மறுநாள் டீ வந்தது. இருவரும் குடித்துக்கொண்டிருந்தோம். அவள் கீழுதட்டு ஓரமாக டீ வழிந்து, முகவாயில் இறங்கி, வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவே இல்லை. நான் கைக்குட்டையை நீட்டினேன். எதற்கு என்று கேட்டாள்.

மேடம் பஞ்சால் தொட்டுப் பார்த்தார், ஊசி நுனியால் தொட்டுப் பார்த்தார். கீழுதடும் முகவாயும் மரக்கட்டை. எலும்பைச் செதுக்கும்போது உள்ளே ஓடும் நரம்பும் போய்விட்டது. திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம் என்றார். வெளியே வந்ததும் நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "தினமும் இதையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தியே, உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?" அவள் நிதானமாகச் சொன்னாள். "நீங்க டிரெஸ்ஸிங் ரூம்ல உக்காந்திருக்கீங்க தாயி. உங்ககிட்ட வர்றவங்க எல்லாம் கெட்டுப்போனவங்க. நான் வாசல்ல உக்காந்திருக்கேன். வெளிநாட்டுல செஞ்சுக்கிட்டு வந்து, மேடம்கிட்ட சும்மா ஒரு தடவை காட்டிட்டு, செல்ஃபி எடுத்துக்கிட்டுப் போறவங்களையும் நான்தான் பாக்குறேன்."

மாதங்கள் போயும் உணர்ச்சி திரும்பவில்லை. ஆனால் வரன் திரும்பியது. அதே தரகர் வேறொரு குடும்பத்தை அழைத்து வந்தார், பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. பையனுக்கு எதுவும் தெரியாது. டீ கொடுத்தால் வேண்டாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிச் சமாளிக்கிறாளாம். நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள், கிளினிக்கில் யாரும் இல்லாத நேரம், என் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கீழுதட்டை விரலால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அவர் முத்தம் கொடுத்தா எனக்குத் தெரியாது தாயி. தெரிஞ்ச மாதிரி நடிச்சுக்கலாம்ல?"

போவதற்கு முன்னால் யாரிடமும் ஒரு கேள்வி கேட்காதவர்கள் திரும்பி வந்த பிறகு என்னிடம் கேட்காத கேள்வியே இல்லை, பதில் சொல்ல வேண்டிய ஆள்தான் எப்போதும் வேறொரு நாட்டில் போனை எடுக்காமல் இருக்கிறார்.